பின்னணி தொந்தரவு அல்ல

நம்மவர்கள் எடுக்கும் புகைப்படங்களில் பத்து வருடமாக ஒரு நோய் பரவிக்கொண்டிருக்கிறது. முகம் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். முகத்துக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. பச்சையாக ஒரு கரைசல், மஞ்சளாக நாலைந்து வட்டங்கள், அவ்வளவுதான். கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம், தைப்பூசப் படம், கருமாதி அழைப்பில் போடுகிற தாத்தா படம் வரைக்கும் எல்லாமே அந்தக் கரைசலில்தான் மிதக்கின்றன. கேட்டால் ‘போக்கே’ என்கிறார்கள். ஜப்பானியச் சொல். வாயில் நுழையாத ஒரு பெயர் கிடைத்துவிட்டால் நம்மிடம் எதுவும் கலையாகிவிடும்.

இந்தக் கட்டுரை அந்தக் கரைசலுக்கு எதிரானது. மங்கலுக்கு எதிரானது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இங்கே அதிகம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓரிடத்தை மட்டும் கூர்மையாக்கி மற்றதை உருகவிடுவதற்கென்றே தயாரிக்கப்படும் லென்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் சில எனக்கு மிகவும் பிடித்தவை. என் கேள்வி வேறு. எதை மங்கலாக்கலாம் என்று முடிவு செய்தது யார்? நீங்களா, உங்கள் கைபேசியா, இல்லை அடுத்தவன் படத்துக்குக் கிடைத்த லைக்கா?

மங்கல் என்பது என்ன

தொழிற்சாலையில் கேமராவை வைத்துப் பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் லைனில் ஒரு பாகத்தின் படம் ஃபோக்கஸ் இல்லாமல் வந்தால் யாரும் ‘அழகா இருக்கே’ என்று சொல்வதில்லை. அந்தப் பாகத்தைப் பற்றி நம்மிடம் தகவல் இல்லை என்றுதான் அர்த்தம். மங்கல் என்பது தகவல் இழப்பு. ஒரு புள்ளியின் வெளிச்சம் பக்கத்துப் புள்ளிகளோடு கலந்துவிட்டது. நுணுக்கமான விவரம் போய்விட்டது. பிறகு எந்த மென்பொருளை ஓட்டினாலும் அது ஊகித்து வரையுமே தவிர, போனதை மீட்டுக் கொடுக்காது.

கணக்கும் எளிதுதான். முழுச்சட்ட சென்சார் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4ல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். கண் கூர்மையாக இருக்கும், காதோரம் போயிருக்கும். அதே கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8ல் வைத்து மூன்று மீட்டரில் ஃபோக்கஸ் செய்தால், கிட்டத்தட்ட 1.9 மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரைக்கும் தெளிவாக இருக்கும். ஆள், அவர் உட்கார்ந்திருக்கும் அஞ்சடி, பின்னால் நிற்கும் மோட்டார், கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படம் எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். நாலரை சென்டிமீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் இருக்கிற வித்தியாசத்தை வெறும் ‘ஸ்டைல்’ என்று சொல்லிவிட முடியாது. ஒரு மனிதரைச் சொல்ல எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பற்றிய முடிவு அது.

2016ல் ஐஃபோன் 7 பிளஸ் ‘போர்ட்ரெயிட்’ முறையைக் கொண்டுவந்தபிறகு இந்த முடிவும் மனிதர் கையை விட்டுப் போய்விட்டது. அங்கே மங்கலை உண்டாக்குவது கண்ணாடி இல்லை. எது ஆள், எது பின்னணி என்று கணித்துப் பின்னணியைக் கரைப்பது ஒரு நிரல். நம் அக்காக்களின் கொண்டையில் இருக்கும் மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் ஜிமிக்கியின் தொங்கலையும் அது பலமுறை பின்னணி என்று எடுத்துக்கொண்டு கரைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பூவை ஆளோடு சேர்ப்பதா இல்லையா என்று அதற்குத் தெரியவில்லை. நமக்குமா தெரியாது?

‘கண்ணே இப்படித்தான் பார்க்குது’

மங்கல் ரசிகர்கள் எப்போதும் எடுத்துவைக்கும் வாதம் ஒன்று உண்டு. நம் கண்ணும் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்கிறது, மற்றது மங்கல்தானே, ஆகவே இது இயற்கை என்பார்கள். புது வாதம் அல்ல. பீட்டர் ஹென்றி எமர்சன் 1889ல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். முக்கியமான பொருளைக் கூர்மையாக வை, மற்றதைக் கொஞ்சம் தளரவிடு, கண் அப்படித்தான் பார்க்கிறது என்றார். கொஞ்ச காலத்திலேயே, புகைப்படம் கலை என்று தான் சொன்னதை அவரே மறுத்து, கறுப்புக் கரை போட்ட ஒரு சிறுநூலை வெளியிட்டார். தன் கொள்கைக்குத் தானே இரங்கல் அறிவிப்பு அச்சிட்ட மனிதர்!

ஆனால் அந்த வாதத்தில் இருக்கும் ஓட்டையைப் பார்க்க எமர்சன் வரை போகவேண்டியதில்லை. விழித்திரையின் நடுவில் ஒரு சிறு பகுதிதான் கூர்மையாகப் பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் கண் சும்மா இருப்பதில்லை. ஒரு வினாடிக்குள் இரண்டு மூன்று தடவை தாவுகிறது. தாவி எங்கே விழுகிறதோ அந்த இடம் கூர்மையாகிவிடுகிறது. நிஜ வாழ்க்கையில் பின்னணி என்பது நாம் இன்னும் பார்க்காத இடம். வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளலாம். படத்திலோ எத்தனை முறை தாவினாலும் மங்கல் மங்கலாகவே இருக்கும். கண் தள்ளிவைக்கிறது, லென்ஸ் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

1932ல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலானவர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு ‘எஃப் 64’ என்று ஒரு அபெர்ச்சர் அளவையே பெயராக வைத்தார்கள். ஓவியம் மாதிரி தெரியவேண்டும் என்று படத்தைக் குழைத்தவர்களுக்கு எதிரான கலகம் அது. அவர்கள் சொன்னதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. எல்லாவற்றையும் கூர்மையாக்குவது அறிவியல் ஆவணத்துக்குப் பொருந்தும். துக்கத்துக்கும் பக்திக்கும் எப்போதும் பொருந்தாது. ஆனாலும் ஒரு லென்ஸ் தேர்வு ஒரு நிலைப்பாடு என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். நம்மிடம் இல்லாதது அதுதான்.

களுத்துறையில் ஒரு பெண், வயது 12

மங்கலின் வரலாற்றில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கேமரன். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகள் பரிசளித்த கேமராவை வைத்துத் தொடங்கி, பத்து வருடத்துக்குள் உலகப் புகைப்படக் கலையின் போக்கையே மாற்றியவர். அவர் முதலில் பயன்படுத்தியது பெட்ஸ்வால் வகை லென்ஸ். 1840ல் ஜோசஃப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்தது. அந்த வகையில் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் தளர்ந்தும் விழும். விமர்சகர்கள் ‘ஃபோக்கஸ் தெரியாதவர்’ என்று கிண்டல் செய்தார்கள். அவர் கவலைப்படவில்லை. ஹெர்ஷல், டென்னிசன், கார்லைல், டார்வின் எல்லாம் அந்த மெல்லிய மங்கலுக்குள்ளிருந்துதான் நம்மைப் பார்க்கிறார்கள். அந்த மங்கல் அற்புதமானது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

1875ல் அவரும் கணவரும் இலங்கைக்குப் போய்விட்டார்கள். கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அக்காலத்துக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் போன நம்மவர்கள். நம் பாட்டன் பூட்டன் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் கப்பல் ஏறியதுபோல. 1879ல் இறக்கும்வரை கேமரன் அங்கே எடுத்த படங்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 1878ல் எடுத்த களுத்துறைக் குடியானவர்கள் படம். தலைப்பில் அந்தப் பெண்ணுக்கு வயது 12 என்று இருக்கிறது. பக்கத்திலிருக்கும் கிழவர் தன்னை அவளுடைய அப்பா என்று சொல்கிறார், தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் இருக்கிறது. வயது இருக்கிறது, பெயர் இல்லை. அவர்கள் தமிழர்களா சிங்களவர்களா என்றும் அந்தத் தலைப்பு சொல்லவில்லை.

கவனியுங்கள், அந்தப் படத்தில் முகங்கள் தெரிகின்றன. அவர்களை மங்கலாக்கியது லென்ஸ் அல்ல, தலைப்பு. இங்கிலாந்தில் டென்னிசனுக்குப் பின்னணி தேவைப்படவில்லை. கறுப்புத் துணி போதும். அவருடைய பின்னணி நூலகங்களில் இருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. களுத்துறைப் பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. படத்துக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் அவளுடைய மொத்த வரலாறு. என் வாதத்தின் மையம் இதுதான். புகழ்பெற்றவரின் பின்னணியைக் கரைத்தால் அது பாணி. பெயர் பதியப்படாதவரின் பின்னணியைக் கரைத்தால் அது அழிப்பு.

ரினி எங்கே?

ஸ்கூடாயில் இருக்கிறவர்களுக்கு முத்தியாரா ரினி தெரியும். வீடுகள், கடைவீடுகள், பேரங்காடி, போக்குவரத்து நெரிசல் எல்லாம் உள்ள பெரிய தாமான். ரினி என்பது ஒரு தோட்டத்தின் பெயர். தோட்டம் போய்த் தாமான் வந்த பிறகும் ‘ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2006ல் இஸ்கந்தார் மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கம் முழுவதும் நிலத்தின் முகம் மாறிய வேகத்தை நான் பள்ளிப் பையனாக இருந்து பார்த்தவன். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடு வந்தது. லயத்து வரிசை, பால் கொட்டகை, ஆலமரத்தடி முனியாண்டி, கிராணி வீட்டு வேலி எல்லாம் எந்த இடத்தில் இருந்தன என்று கேட்டால் பெரியவர்கள் கையை நீட்டி ஒரு பெட்ரோல் நிலையத்தைக் காட்டுகிறார்கள்.

அந்த இடங்களை யாரும் தனியாகப் படம் எடுத்து வைக்கவில்லை. லயத்தைப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் மனிதர்களை எடுத்தார்கள். காதுகுத்து, சடங்கு, தீமிதி. சாதாரண லென்ஸ், கொளுத்தும் வெயில், எஃப் 8, எஃப் 11. அதனால் பின்னணி தானாகவே பதிவானது. இன்று நமக்கு மிஞ்சியிருக்கிற லயம், அத்தையின் மஞ்சள் நீராட்டுப் படத்தில் அவளுடைய தோளுக்குப் பின்னால் இருக்கிற லயம்தான். அன்றைக்கு மாமா கையில் எஃப் 1.4 லென்ஸ் இல்லாதது நம் சமூகத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

இதைப் புரியாதவர்கள்தான் இன்று நடுவர் நாற்காலியில் இருக்கிறார்கள். உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு என் பாட்டியின் படத்தை அனுப்பியிருந்தேன். அஞ்சடியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கேஸ் தோம்பு, பேரனின் பள்ளிக் காலணி, சுவரில் ஆணியில் தொங்கும் துருப்பிடித்த பால்வெட்டு உளி. நடுவர் சொன்னது இது: “ஃபேஸ் நல்லா வந்திருக்கு தம்பி. பேக்ரவுண்ட்தான் ரொம்ப டிஸ்டர்ப் பண்ணுது. 1.8ல அடிச்சிருக்கலாமே.”

அண்ணே, அந்த உளிதான் படம். காலையில் நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குப் போன கை அது என்று சொல்வதற்கு அந்தச் சுவரில் இருக்கிற ஒரே சாட்சி. அதைக் கரைத்துவிட்டால் மிச்சம் இருப்பது சுருக்கம் விழுந்த ஒரு முகம். சுருக்கம் விழுந்த முகம் உலகத்தில் எங்கேயும் கிடைக்கும். ‘டிஸ்டர்ப்’ பண்ணுகிறது என்றால் நல்லது, பண்ணட்டும்.

இது புகைப்படக்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. நம் சிறுகதைகளிலும் போர்ட்ரெயிட் முறை வந்து வெகு நாளாகிவிட்டது. பாத்திரத்தின் கண்ணீர் அவ்வளவு துல்லியம். எந்தத் தோட்டம், எந்த வருடம், நாளுக்கு என்ன கூலி, வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தில் யார் கையெழுத்து என்று கேட்டால் பச்சைக் கரைசல். வாசகன் அழுதுவிட்டுப் போய்விடுகிறான். எதற்கு அழுதோம் என்று அவனால் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

வரைந்த திரையும் கரைந்த திரையும்

‘அந்தக் காலத்து ஸ்டூடியோவிலும் பின்னணியை மறைத்தார்களே’ என்று ஒருவர் கேட்கலாம். மறைத்தார்கள். திரை கட்டினார்கள். மாளிகைத் தூண், படிக்கட்டு, ஏரி, நிலா எல்லாம் திரையில் வரையப்பட்டிருக்கும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேகரித்து மின்மயமாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படங்களைப் பாருங்கள். அந்தத் திரை பொய்தான். ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த பொய். ‘நான் இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறேன்’ என்று ஒரு கூலித் தொழிலாளி சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. அவருடைய கனவு என்ன என்று நமக்குத் தெரிகிறது. கரைசலில் கனவும் இல்லை, வீடும் இல்லை.

இதைவிட மோசமானது பொம்மை விளைவு. லென்ஸைச் சாய்த்து, உயரத்திலிருந்து எடுத்து, மேலும் கீழும் மங்கலாக்கினால் நிஜ ஊர் பொம்மை ஊராகத் தெரியும். மிக அருகில் இருக்கும் சின்னப் பொருளைப் பார்க்கும்போதுதான் ஆழம் அவ்வளவு குறுகும் என்பதால் மூளை ஏமாந்துவிடுகிறது. இத்தாலியின் ஒலிவோ பார்பியேரி 2003 முதல் ஹெலிகாப்டரில் பறந்து நகரங்களை இப்படி எடுத்தார். நாம் உறுதி என்று நம்பும் நகரம் ஒரு மாதிரிப் பொம்மைதானோ என்று சந்தேகப்பட வைப்பது அவர் நோக்கம். அது நியாயம். அதே உத்தியைப் பத்துமலைக் கூட்டத்தின் மேல் ஒரு செயலியில் விரலால் இழுத்துவிட்டு, 272 படிகளில் ஏறும் ஆட்களைச் சாக்லெட் டப்பாவில் போடும் பொம்மைகளாக்கி, ‘கியூட்’ என்று எழுதுகிறவருக்கு என்ன நோக்கம்? 48 நாள் விரதம் இருந்து தோளில் காவடி சுமக்கிறவர் ‘கியூட்’ இல்லை.

இத்தனைக்கும் லென்ஸைச் சாய்க்கும் விதி பொம்மை செய்வதற்காக வந்தது அல்ல. 1904ல் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஷைம்ப்ஃப்ளூக் அதற்குக் காப்புரிமை பெற்றார். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலை நேராக்கி, நம்பகமான வரைபடம் தயாரிக்க வேண்டும் என்பது அவர் தேவை. சென்சாரின் தளம், லென்ஸின் தளம், கூர்மையின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. அதாவது லென்ஸைச் சாய்த்தால் கூர்மையும் சாயும். அதைக் குறைக்கவும் பயன்படுத்தலாம், நீட்டவும் பயன்படுத்தலாம். கல்யாணப் பந்தியில் முதல் இலையிலிருந்து கடைசி இலை வரைக்கும் ஒரே படத்தில் கூர்மையாகக் கொண்டுவரலாம். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

சரி, என்ன லென்ஸ் வாங்கலாம்?

இவ்வளவு திட்டிவிட்டு லென்ஸ் பரிந்துரைப்பதா என்று சிரிக்க வேண்டாம். என் சிபாரிசே அதுதான். மங்கல் வேண்டுமென்றால் மங்கலுக்காகவே செய்த லென்ஸை வாங்குங்கள். சோம்பலான மங்கலை விடுங்கள்.

2004ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தொடங்கிய லென்ஸ்பேபியின் முதல் லென்ஸ் ஒரு குழாய்த் துண்டு மாதிரி இருந்தது. விரலால் அமுக்கி ஃபோக்கஸ், வளைத்துக் கூர்மையை நகர்த்த வேண்டும். பிறகு பந்துமூட்டு வைத்த கம்போசர் வகை வந்தது. அதில் உள் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். இங்கே மூன்று வகைகளைச் சொல்கிறேன். ‘ஸ்வீட்’ வகையில் ஒரு வட்டம் கூர்மையாகி, அதைச் சுற்றி மங்கல் படிப்படியாக ஓடும். ‘எட்ஜ்’ வகையில் வட்டத்துக்குப் பதில் ஒரு பட்டை. பந்தி இலைகளுக்கு இதுதான். ‘வெல்வெட்’ சாய்வதில்லை. திறந்த அபெர்ச்சரில் படம் முழுவதும் ஒரு ஒளிப்பூச்சு படரும், எஃப் 5.6க்கு மூடினால் ஓரளவு சாதாரண லென்ஸாகிவிடும். சிறிய சென்சார் கேமராவில் ஓரங்கள் வெட்டுப்படும், விளைவு பாதியாகிவிடும். ஆகவே ஐம்பதை விட்டு ‘ஸ்வீட் 35’ பாருங்கள். புதிதாக வாங்கினால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். பழையது தேடுங்கள்.

தானியங்கி ஃபோக்கஸ் கிடையாது. சில கேமராக்களில் ‘லென்ஸ் இல்லாமல் இயங்கு’ என்ற அமைப்பைத் திறக்காவிட்டால் ஷட்டரே விழாது. முதலில் சாயுங்கள், பிறகு ஃபோக்கஸ் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் சாய்த்தவுடன் ஃபோக்கஸ் போய்விடும். எஃப் 2.5ல் தொடங்காமல் எஃப் 4, எஃப் 5.6ல் தொடங்குங்கள். அங்கே மங்கிய பகுதியிலும் பொருளின் வடிவம் மிஞ்சியிருக்கும். உளி உளியாகத் தெரியும்.

இந்த லென்ஸ்களின் பெருமை அவற்றின் தொல்லைதான். ஒவ்வொரு படத்துக்கும் ‘கூர்மையை எங்கே வைக்கிறாய்?’ என்று கையைப் பிடித்துக் கேட்கும். கூர்மை முகத்தில்தான் விழவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அலகு குத்தி அருள் வந்து நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தை உலகத்துக்குக் காட்ட அவளிடம் யாரும் அனுமதி வாங்குவதில்லை. அவள் முகத்தை மங்கலில் விட்டு, அவள் இடுப்பைத் தாங்கியிருக்கும் தங்கையின் கையைக் கூர்மையாக்குங்கள். அங்கே மங்கல் ஒரு மரியாதை. திருடப்படக்கூடாததை அது மூடிவைக்கிறது.

எனவே ஷட்டரை அழுத்தும் முன் மூன்று கேள்விகள். நான் கரைக்கப்போவது இருபது வருடம் கழித்தும் அங்கே இருக்குமா? படத்தில் இருப்பவர் தன் வீட்டை மறைக்கச் சொன்னாரா, நானே மறைக்கிறேனா? ஒரு அடி நகர்ந்து நின்றால் தீர்கிற பிரச்சினைக்கு மங்கலைக் கூப்பிடுகிறேனா? மூன்றுக்கும் பதில் இருந்தால் எஃப் 1.4 என்ன, எஃப் 0.95லும் எடுங்கள்.

பதில் இல்லையென்றால் எஃப் 8. முக்கியமாக உங்கள் வீட்டுப் பெரியவர்களை எடுக்கும்போது. கேஸ் தோம்பு தெரியட்டும், காயப்போட்ட கைலி தெரியட்டும், பக்கத்து மனையில் வந்து நிற்கும் மண்வாரி இயந்திரத்தின் மஞ்சள் கையும் தெரியட்டும். படத்தின் பின்பக்கம் பெயரும் இடமும் வருடமும் எழுதுங்கள். அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். இங்கே யார் இருந்தார்கள் என்று நாளைக்கு ஒருவன் கேட்பான். அவனிடம் கரைசலைக் காட்ட முடியாது.